ரொக்ஸ்பரோத் தொட்டியில் தண்ணீர் வழிந்த விதம்

"தனியக் குளிக்கிற மனிசனுக்கு ஏன் தண்ணி வெளியில வழியுது?"

"பம்பு பழுதெண்டு எத்தினை தரம் சொல்லுறது உமக்கு?"

"பழுதான பம்பு தண்ணியைக் கூட்டுமே? ஆரைக் கொண்டுவந்து உதுக்குள்ள இருத்துறீங்கள்?"

அக்னெஸின் குரல் பக்கத்து வளவு வரை கேட்டது. பக்கத்து வளவுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை என்பது வேறு கதை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். 2006 தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பட்டப்பகலில், ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் இது நடந்தது. கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

புருசன் கிறிஸ்தோப்பருக்கும் அக்னெஸுக்கும் நடுவில் கருவிப் பையோடு நின்றவன் அக்னெஸின் தம்பி அருமைநாதன். சுடுநீர்த் தொட்டிகள் திருத்தும் கம்பனியில் வேலை. கிழமை முழுக்கப் பிறத்தியார் பம்புகளோடு மாரடித்துவிட்டு, லீவு நாளில் அக்கா வீட்டுப் பம்பு. நின்றபடியே நித்திரை கொள்ளக்கூடிய களைப்பு.

"தம்பி, நீ பார். பம்பு பழுதெண்டால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் இண்டைக்கே பிள்ளை ஷெரோனையும் கூட்டிக்கொண்டு லாசாலுக்கு, உன்ர வீட்டை வாறன்."

லாசாலில் அவனுக்கு இருந்தது ஒற்றை அறை. பம்பு பழுதாக இருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதில் அக்காவின் குடும்பமும் இருந்தது, தன் கட்டிலும் இருந்தது.

பின்வளவில் இருந்து குளிக்கிற அந்தச் சுடுநீர்த் தொட்டி, வாங்கிய வீட்டோடு வந்தது. மற்றவர்கள் அப்படியான தொட்டியில் பியரோடு சாய்ந்திருப்பார்கள். கிறிஸ்தோப்பர் சனிக்கிழமைகளில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, சாரத்தோடு இறங்கி முழுகினார்.

பக்கப் பலகையைக் கழற்றினான். பம்பு உறுமியது, தண்ணீரை இழுக்கவில்லை. வடிகட்டியைத் தூக்கினான். எண்ணெய்ப் பிசுக்கு வழிந்தது.

"அத்தான், இதென்ன தொட்டியோ, வடைச் சட்டியோ?"

கழுவிப் பூட்டினான். குழாய் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, அடைபட்ட காற்றை விட்டான். ஸ்ஸ்ஸ்... பம்பு ஓடியது.

"எண்ணெய்தான் அக்கா."

சொல்லி வாய் மூடவில்லை. சத்தம் மாறியது. க்ளக்... க்ளக்... பம்பு காற்றைக் குடித்தது. தண்ணீர் வடிகட்டியின் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தது.

எங்கேயோ ஒழுக்காக்கும். பனியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தான். தொட்டியின் அடி காய்ந்து கிடந்தது.

குழாயால் தண்ணீர் விட்டான். அளவு வந்ததும் பூட்டினான். பலகையை முடுக்கக் குனிந்தான்.

சளக்...

பிடரியில் சுடுதண்ணீர். நிமிர்ந்தால், தொட்டி விளிம்பு முட்டி வழிந்தது. சமையலறைக்குள் இரண்டு பேரும் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வளவில் வேறு யாரும் இல்லை.

களைப்பில் தண்ணீர் கூடுதலாக விட்டுவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாகக் கீழே இறங்கியது. அவன் பலகையை முடுக்கினான்.

கிறிஸ்தோப்பர் சாரத்தோடு வெளியே வந்தார். அந்தக் குளிரிலும் மனிதருக்கு ரோசம் குறையவில்லை.

"நான் இறங்கிக் காட்டுறன். தனி ஆளுக்கு எவ்வளவு ஏறுதெண்டு இவ பாக்கட்டும்."

இறங்கினார். தண்ணீர் நாலு விரல் ஏறியது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"பாத்தீரோ?"

அக்னெஸின் முகம் இளகியது. அன்றைக்கு முதல் தடவையாக.

பம்பு சீராக ஓடியது.

தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது.

மெதுவாக... விளிம்பு வரை...

அக்னெஸின் செருப்பு நனைந்தது.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. புருசனைப் பார்த்தாள். கிறிஸ்தோப்பர் ஒரு பக்கமாக அரக்கியிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்தால் நாம் இடம் விடுவோமே, அப்படி.

"ஏன் அரக்கினீங்கள்?"

"ஆர் அரக்கினது?"

அவருக்கே தெரியவில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். பழுது என்று ஒரு சொல் போதும். அருமைநாதன் பம்பைப் பார்த்தான். பொய் சொல்லக்கூட அவனிடம் பலம் இல்லை.

"பம்பில ஒண்டும் இல்லை, அக்கா."

அன்று பின்னேரமே அக்னெஸ் மகளோடு லாசாலுக்குப் போனாள். அருமைநாதன் நிலத்தில் படுத்தான்.

கோடையில்தான் எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரி சொன்னாள். அந்த வீட்டில் முன்பு இருந்த கிழவரையும் மனைவி விட்டுப் போயிருந்தாளாம். தொட்டியில் அவரோடு இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்லித்தான் போனாளாம். தெருவில் ஒருவர்கூட அப்படி ஒரு பெண்ணைக் கண்டதில்லை. கிழவர் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம்.

அருமைநாதன் அடுத்த வருடம் கத்தரின் என்றொருத்தியைக் கட்டிக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போய்விட்டான். லாசாலில் அந்த அறையில் அக்னெஸும் ஷெரோனும் இருக்கிறார்கள். கிறிஸ்தோப்பர் மட்டும் ரொக்ஸ்பரோவை விட்டு அசையவில்லை. பம்பு அதற்குப் பிறகு பழுதாகவே இல்லையாம்.

அவர் தொட்டியை விட்டு ஏறிய பிறகும் தண்ணீர் இப்போது இறங்குவதே இல்லையாம்.