வில்லாவில் பால் காய்ச்ச வேண்டுமாம்

தீவில் கடலோரமாக ஒரு சொகுசு வில்லாவை மூன்று நாளைக்கு எடுத்திருக்கிறேன். விருந்தினர் எண்ணிக்கை: ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் செண்டாயான் தொழிற்பேட்டை வேலையில் ஒரு வருடமாக விடுப்பைச் சேர்த்து வைத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. முன்பதிவுத் தாளை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தது என் தப்பு. மழைக்கோட்டைத் தேடிய அம்மாவிடம் சிக்கிவிட்டது.

இன்று மதியம் வில்லாவைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெண் செய்தி அனுப்பினார். "உங்கள் அம்மா போன் செய்தார். பால் காய்ச்ச அடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். கைக்குழந்தையும் வருகிறதா?"

குழந்தை இல்லை, நான் மட்டும்தான் என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அது ஓட்டல் மாதிரிதாம்மா. மூணு நாளு," என்றேன்.

"ஓட்டல்னா ரூமு. இது வீடு லா, படத்துல வாசப்படி இருக்கு. பால் காய்ச்சாம எப்படிப் படுப்ப? நானும் சித்தியும் வரோம்."

உட்கார முடியவில்லை. சமையலறையில் நடந்தபடியே கைப்பேசியில் விருந்தினர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மூன்றாக மாற்றினேன். மறுபடி ஒன்றாக்கினேன். மறுபடி மூன்று. மறுபடி ஒன்று.

"நானே காய்ச்சுறேம்மா."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி. பொங்கி வழியறத வீடியோ கால்ல காட்டணும். இல்லன்னா அடுத்த பெர்ரி படகுல நாங்க வந்துருவோம்."

அங்கே இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. வழிகிற மாதிரி தெரிந்தாலே தானாக அணைந்துவிடும் என்கிறார்கள். ஒரு கரண்டிப் பால் வழியும் வரையாவது தாக்குப்பிடிக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.