கோட்டுப் போடத் தெரியாத மென்பொருள்

அப்பா செத்து மூன்று கிழமை. முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும். எங்கள் ஊரில் செத்துப்போன ஆம்பிளைக்கு அட்டையில் கோட்டும் டையும் கட்டாயம். உயிரோடிருந்தபோது மனுசன் கோட்டைத் தொட்டாவது பார்த்தானா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஸ்டூடியோவில் தலையை மட்டும் வெட்டி எவனோ ஒருவனின் கோட்டின் மேல் ஒட்டி, முகத்தையும் வெள்ளையாக்கித் தருவார்கள்.

எங்கள் அப்பா குருநகர்க் கடலில் தொழில் செய்தவர். கோயிலுக்குப் போகும்போது மட்டும் சட்டை போடுவார், மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கட்டின சாரம் மட்டும்தான்.

"அப்பாவைச் சாரத்தோடையே அட்டையிலை போடப் போறாய்? சனம் என்ன கதைக்கும்?" பிரான்சிலிருந்து அண்ணை கத்தினார். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. விசா இல்லை.

"சனத்துக்கு வாய் இருக்கு அண்ணை, கதைக்கட்டும்" என்றேன்.

என்னிடம் இருந்தது கரையில் வைத்து நானே கைபேசியில் எடுத்த படம். அப்பா வள்ளத்தின் விளிம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது, முகத்தில் வெளிச்சம் போதாது, ஓரத்தில் யாரோ ஒருவரின் முதுகு. நிமிர்த்த வேண்டும், வெட்ட வேண்டும், கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஸ்டூடியோக்காரர் கையில் கொடுத்தால் அந்தக் கை சும்மா இராது. ஆகவே வீட்டுக் கணினியில் நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

கணினி பழையது. புதிய விண்டோஸை அது தாங்காது என்று கடைக்காரர் கைவிரித்தபோது, நானே லினக்ஸைப் போட்டுக்கொண்டேன். அதிலேயே வந்த படம் பார்க்கும் மென்பொருள் படத்தைக் காட்டும், திருப்பும். வெட்டத் தெரியாது. இணையத்தில் கேட்டால், எல்லாரும் ஒரே பெரிய மென்பொருளைத்தான் சொன்னார்கள். இறக்கினேன். அது திறப்பதற்குள் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தேன். திறந்தால் பக்கமெல்லாம் கருவிகள், எது எதற்கென்றே தெரியவில்லை. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தின கதைதான். மூடி, அழித்துவிட்டேன்.

அடுத்தது பார்க்க வடிவானது. வெட்டிப் பார்ப்போமென்று அப்பாவை நெஞ்சளவில் வெட்டினேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். திரும்பி வந்தால், ஒரு வார்த்தை கேளாமல் அந்த வெட்டிய படத்தையே பழையதின் மேல் சேமித்து வைத்திருந்தது. கோப்பை பிடித்த கை போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் கணினியைக் கடலில் எறிந்திருப்பேன். கைபேசியில் மூலப்படம் இருந்ததால் தப்பியது, கணினியும்தான்.

அதற்குப் பிறகு என் நிபந்தனைகளைக் கடதாசியில் எழுதி வைத்துத் தேடினேன். திருப்ப வேண்டும், வெட்ட வேண்டும், வெளிச்சம் கூட்ட வேண்டும், என்னைக் கேளாமல் எதையும் சேமிக்கக் கூடாது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. சின்னது, வடிவில்லாதது, சொன்ன மாத்திரத்தில் திறந்தது. "இது கனக்க ஒன்றும் செய்யாது" என்று கீழே ஒருவர் குறை எழுதியிருந்தார். அதை வாசித்ததும் எனக்கு அதன்மேல் பிரியமே வந்துவிட்டது. அதனால் ஒருவருக்கும் கோட்டுப் போட முடியாது.

நிமிர்த்தினேன். முதுகுக்காரரை வெட்டினேன். அப்பாவை இடுப்புவரை விட்டேன், கையும் கோப்பையும் தெரிய. வெளிச்சத்தை முகத்தின் கறுப்பு போகாத அளவுக்கு மட்டும் கூட்டினேன். வேறு பெயரில் சேமித்து, அச்சகத்துக்கு அனுப்ப முன்னம் அண்ணைக்கு அனுப்பினேன்.

சண்டைக்கு ஆயத்தமாகத்தான் அழைப்பை எடுத்தேன். அவர் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தக் கையிலை ரெண்டு விரல் ஏன் மடங்கிக் கிடக்கு?"

அண்ணை பிரான்சுக்குப் போன அடுத்த வருசம் வள்ளத்து எஞ்சின் கயிறு சுற்றியதில் நசுங்கி, பிறகு நிமிராமலே போன விரல்கள் அவை. "அவனுக்குச் சொல்லாதை, வேலையை விட்டிட்டு ஓடி வருவான்" என்று அப்பா என் வாயைக் கட்டியிருந்தார். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அந்தக் கையைச் சாரத்துக்குள் வைத்துக்கொள்வார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணை விம்மி விம்மி அழுதார். நான் தேற்றவில்லை.

"அழுங்கோ அண்ணை" என்றேன். "ஆனால் படம் உதுதான்."