முதல் வாய்ச் சோறு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தருவதற்காக இந்த நினைவு மலரைக் கொண்டு வந்திருக்கிறோம். நடந்ததை வரிசை மாறாமல் எழுதுவான் என்று சொல்லி, அண்ணி இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதைத் தவிர எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. புகழ்ந்து எழுதவும் தெரியாது. அண்ணனுக்கும் அது பிடிக்காது. ஆகவே தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளையும் ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். வீட்டில் நாங்கள் மூவர்: அக்கா, அண்ணன், நான். நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா காலமானார். அக்காவும் திருமணமான சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளில் சத்துணவு தொடங்கியிருந்தது. கணவரை இழந்தவர் என்ற முன்னுரிமையில் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே அக்காவுக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அவர் வாங்கிய மதிப்பூதியத்தில்தான் அண்ணன் கல்லூரிக்குப் போனார். அக்கா மேற்பார்வையில் வெந்த சோற்றை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். தம்பி என்பதற்காக எனக்கு ஒரு கரண்டிகூட அதிகம் விழுந்ததில்லை.

அண்ணன் இளநிலை உதவியாளராக அரசுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவைக் கவனிக்கும் அலுவலரானார். அவர் சத்துணவு மையங்களை ஆய்வு செய்யும் விதம் எல்லோருக்கும் தெரியும். முன்னறிவிப்பு இல்லாமல் போவார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் கடைசி ஆளாகத் தரையில் உட்காருவார். பிள்ளைகளின் தட்டிலேயே வாங்கிச் சாப்பிடுவார். ஒருமுறை ஒரு சமையலர், "ஐயாவுக்குத் தனியா எடுத்து வெச்சிகிறேன்" என்று ஒரு தூக்குச் சட்டியைக் காட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "தனியா எடுத்து வெச்ச சோத்துல இன்னா கொற தெரியப்போவுது? கடைசியா சட்டில ஒட்டினு கீறத போடும்மா" என்றாராம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அரிசி மூட்டையையும் பருப்பையும் முட்டையையும் பார்ப்பார். முதலில் வாய், பிறகு கண், கடைசியில் காகிதம் என்பது அவர் வரிசை.

பின்னாளில் அக்கா கடப்பாக்கம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அந்த மையம் அண்ணனுடைய ஒன்றியத்துக்குள் வந்தது. உடனே அண்ணன் மேலதிகாரியிடம் உறவைச் சொல்லி, அந்த ஒரு மையத்தை மட்டும் வேறொரு அலுவலர் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அக்கா அதைக் கேலி செய்வார். "எங்கூட்டு ஆபீசர் எஞ்சோறு துன்ன பயப்படறாரு" என்பார்.

இனி எழுதப்போவது உறவினர் பலருக்குப் பாதிதான் தெரியும். முழுவதையும் எழுத வேண்டும் என்று சொன்னது அக்காதான்.

அன்று கிருத்திகை. அலுவலக ஜீப் பழுதாகியிருந்தது. எனக்கு விடுப்பு என்பதால் அண்ணனை என் வண்டியில் ஆய்வுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் அவருக்குப் போன் வந்தது. அக்காவின் பள்ளியில் பிள்ளைகள் சாப்பாட்டைத் துப்பிவிட்டார்கள், பெற்றோர் கூடிவிட்டார்கள், அந்த மையத்தைப் பார்க்கும் அலுவலர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அண்ணன், "வண்டிய திருப்பு" என்றார்.

நாங்கள் போனபோது, மீன் விற்கும் எல்லம்மா என்ற தாய் ஒருவர் மகளின் தட்டைக் கையில் பிடித்தபடி அக்காவின் எதிரில் நின்றிருந்தார். கூச்சல் போடவில்லை. சத்துணவு அமைப்பாளரையும் அங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். புள்ளைங்களுக்கு போடறதுக்கு முன்ன நீ வாயில வெச்சியா?"

அக்கா மறைக்கவில்லை. "இன்னிக்கு கிருத்திகம்மா. நான் பச்சத்தண்ணி கூட குடிக்கல" என்றார்.

"உன் சாமிக்கு நீ பட்டினி இரு, வேணான்னல. எம்புள்ளய இன்னாத்துக்கு பட்டினி போடற?"

திருப்போரூர் முருகனை நினைத்து இளம் வயதிலிருந்து அக்கா பிடித்து வந்த விரதம் அது. அந்த நாளில் நாக்கில் எதையும் வைக்க மாட்டார்.

அண்ணன் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை வைத்துவிட்டுப் போன தட்டை இழுத்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார். எண்ணெய் காறிப்போயிருந்தது. சாம்பார் சாதம் முழுவதும் கசந்தது. எண்ணெய் பாக்கெட் ஓரத்தில் கிழிந்து நாளாகியிருக்க வேண்டும். சமையலருக்கு அன்று கடுமையான ஜலதோஷம், வாடை தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டியவர் அக்கா. அவர் விரதம்.

அண்ணன் அதை எல்லாம் கொட்டச் சொன்னார். புதிதாக உலை வைக்கச் சொல்லி, அடுப்படியிலேயே நின்றார். சோறும் ரசமும் முட்டையும் தயாரானதும் தானும் தின்று பார்த்தார், எல்லம்மாவுக்கும் ஒரு கை கொடுத்தார். எல்லம்மா மென்று விழுங்கிவிட்டு, "இப்ப போடு" என்றார். கடைசிப் பிள்ளை கை கழுவும் வரை அண்ணன் நகரவில்லை. நல்லவேளையாக யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தார். உணவைச் சுவைத்துப் பார்த்ததாக அன்றைய தேதியில் அக்காவின் கையெழுத்து இருந்தது. வழக்கமாகப் போடுகிற கை, போட்டுவிட்டது.

சாமான் அறைக்குப் பின்னால் அக்கா அவரைக் கூப்பிட்டார். நானும் அருகில் இருந்தேன்.

"இத்தினி வருசத்துல ஒரு வேள தப்பா போட்டதில்லடா. உனக்கே தெரியும். எழுதித்தான் ஆவணுமா?"

"தெரியும்க்கா. துன்னு பாக்காததுக்கு எழுதல. பாத்தேன்னு கையெழுத்து போட்டுகிறியே, அதுக்கு எழுதறேன்."

"உன்ன நான் ஒரு நாளும் பட்டினி போட்டதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

அண்ணன் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது, ஊதிய உயர்வு நின்றது, தொலைவில் வேறொரு மையத்துக்கு மாற்றமும் வந்தது. அதோடு அக்கா அண்ணன் வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் மகள் திருமணத்துக்கு வந்தார். அட்சதை போட்டார். மண்டபத்தில் கை நனைக்காமல் போய்விட்டார். பந்தி வாசலில் அவருக்காகக் காத்து நின்ற அண்ணனை நான் பார்த்தேன். கடைசிப் பந்தி முடியும் வரை அவரும் சாப்பிடவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அண்ணனிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்த மையத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "இன்னிக்கு இங்க யாரு விரதம்?" என்பதுதான். ஓர் ஊரில் அவரைப் பெரிய முருக பக்தர் என்று நினைத்து வாழைப்பழமும் பாலும் வாங்கி வைத்துவிட்டார்கள். விரதம் இருப்பவரை அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அன்றைக்குப் பிள்ளைகளின் தாய் ஒருவர் வந்து முதல் வாய் தின்று பார்த்து, அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இதற்கு மேலிடத்து உத்தரவு ஏதும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பேசிப் பேசி நடைமுறைக்குக் கொண்டு வந்தார். கடலோரப் பள்ளியில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் தாய் எல்லம்மா. உப்பு கொஞ்சம் கூடினாலும் விடமாட்டார் என்று சமையலர்கள் அண்ணனிடம் புலம்புவார்கள். அண்ணனுக்கு அதில் ஏக சந்தோஷம்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் நாக்கின் ருசி முழுவதும் போய்விட்டது. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் யாரும் சொல்லியனுப்பாமலே, ஒரு துணிப்பையோடு பேருந்து பிடித்து அக்கா வந்து இறங்கினார். அண்ணியிடம், "நீ அவங்கூட உக்காரு, அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி நேராகச் சமையலறைக்குப் போனார்.

முதல் நாள் கஞ்சியைக் கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தபோது, அண்ணன் மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"நீ வாயில வெச்சியா?"

அக்கா கரண்டியை அவர் வாயருகே கொண்டு போனார். "வெச்சேன். உப்பு சரியா கீது. துன்னு."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலியே."

"அதான் நான் பாத்துட்டேனே."

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பழைய விஷயத்தை இருவரும் பேசி நான் கேட்டதில்லை. கடைசிவரை ஒவ்வொரு வேளையும் அக்கா அவர் கண் முன்னால் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் ஊட்டினார். இடையில் கிருத்திகை வந்தது. அன்றும் தின்றார்.

காரியத்தன்று படையலுக்குச் சமைத்ததும் அக்காதான். படையலுக்கு வைப்பதை முன்கூட்டி ருசி பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை. இலையில் பரிமாறும் நேரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா சாம்பாரிலிருந்து ஒரு சொட்டைக் கையில் விட்டு நாக்கில் வைத்தார். எங்கள் அத்தை பதறிப்போய், "இன்னாடி இது, படையல போயி எச்சி பண்ற?" என்று கையைப் பிடித்தார்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: "ருசி பாக்காம போட்டா அவன் துன்னமாட்டான் அத்தை."

அத்தை கையை விட்டுவிட்டார்.

அண்ணனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை பாராமல் ஓடி வந்த கூடுவாஞ்சேரி அக்கம்பக்கத்தாருக்கும், இரத்தம் கொடுத்த, நான் குடியிருக்கும் அணுபுரத்து நண்பர்களுக்கும், மையங்களில் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பி வந்து அவர் முகம் பார்த்துப் போன அமைப்பாளர்களுக்கும் சமையலர்களுக்கும், கடப்பாக்கத்திலிருந்து இன்றும் வந்திருக்கும் எல்லம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இலை போட்டாகிவிட்டது. இன்றைய சமையலையும் அக்கா ருசி பார்த்துவிட்டார். நம்பி உட்காருங்கள்.

தம்பி