ரயிலில் கேட்காமல் போன பேச்சு

ரயிலில் யாரிடமும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை என்று நீலாவதி முடிவெடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

வீடு இருந்த வில்லரேயிலிருந்து மெட்ரோவில் வாந்தோம் நிலையம், அங்கிருந்து ரயிலில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அங்கே வேளாண் வளாகத்தில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்தாறு வருடமாக அதே தடம். முன்பெல்லாம் பெட்டியில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. காதில் மாட்டிக்கொள்ள ஒன்று உண்டு என்பதே மறந்துபோனது போல வீடியோவை அலறவிட்டார்கள். ஈரப் பூட்ஸோடு எதிர் இருக்கையில் கால் நீட்டினார்கள். ஒருத்தி தன் விவாகரத்து வழக்கை வக்கீலோடு ஸ்பீக்கரில் பேசி முடித்தாள். நீலாவதி தணிவாகக் கேட்பாள். சிலர் குறைப்பார்கள், சிலர் முறைப்பார்கள். ஒருநாள் வாட்டசாட்டமான ஆள் ஒருவன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியை இன்னும் கூட்டினான். பெட்டியில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அவன் மேல் வந்த கோபம் ஆறிவிட்டது. அந்த இருபது பேர் மேல் வந்தது ஆறவேயில்லை. அன்றோடு விட்டுவிட்டாள்.

கணவர் பாலசந்திரன் பொறியாளர். நாள் முழுக்கப் பாலங்களில் ஏறி இறங்கிவிட்டு வந்தாலும் வீட்டில் வாய் மூடாதவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. மற்றவர் சொல்வது அவருக்குப் புரியும், பதில் வராது. எட்டு மாதமாக வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். சாயங்காலம் ரயிலிலிருந்து நேரே போய் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் நீலாவதி வீடு திரும்புவாள். அவர் "ம்" என்பார். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து திரும்பும் நேரம். பனிப்பொழிவில் முந்தைய ரயில் வரவில்லை. இரண்டு ரயில் கூட்டமும் ஒன்றில் ஏறியது. நீலாவதிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே நாலு தமிழ்ப் பையன்கள், ஐடி ஆட்கள். அவர்களில் ஹர்ஷ் என்பவனை அவளுக்குத் தெரியும். கோயிலில் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறான். அவன் போனை நடுவில் பிடித்திருக்க, முந்தின நாள் கிரிக்கெட் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வர்ணனை, கூட்டத்தின் கூச்சல், இவர்களுடைய கூச்சல். பின்னால் பெட்டியின் மாடித்தட்டுக்கு ஏறும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

டோர்வல் நிலையம் தாண்டியதும் போன் அடித்தது. இல்லத்துப் பணிப்பெண் எலிசா.

"மதாம், உங்க வீட்டுக்காரர் பேசறார்," என்று பிரெஞ்சில் கத்தினாள். "நிஜமாவே பேசறார். போனை அவர் வாய்கிட்ட வைக்கறேன். கேளுங்க."

நீலாவதி ஒரு காதை உள்ளங்கையால் பொத்தி, மற்றதில் போனை அழுத்தினாள். ஏதோ ஒரு குரல் இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. எழுந்து கதவுப்பக்கம் போகப் பார்த்தாள். நடைபாதை முழுக்க ஆட்கள், முதுகுப்பைகள். நாலு வருட முடிவை உடைத்தாள்.

"தம்பி, கொஞ்சம் சத்தத்தக் குறைச்சுக்கறீங்களா?"

"ரெண்டே நிமிஷம் ஆன்ட்டி. லாஸ்ட் ஓவர்," என்றான் ஹர்ஷ், கண்ணை எடுக்காமல். முடிவு தெரிந்த ஆட்டம் அது.

"என்னங்க, நான்தான். சொல்லுங்க," என்றாள் போனில். அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நிறுத்தி நிறுத்தி நீளமாக. ஏற்ற இறக்கம் மட்டும் எட்டியது. கேள்வி கேட்பது போல ஒரு இடத்தில் குரல் உயர்ந்தது. அப்போது யாரோ சிக்ஸர் அடிக்க, நாலு பேரும் சேர்ந்து கத்தினார்கள். அது அடங்கியபோது போனில் எலிசாதான் இருந்தாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா மதாம்?"

"உய், கேட்டுச்சு," என்றாள் நீலாவதி. "மெர்சி, எலிசா."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தனை சந்தோஷமாகக் கேட்டவளிடம் வேறென்ன சொல்வது?

இல்லத்துக்கு ஓடியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க. டிரெயின்ல எனக்கு ஒண்ணுமே கேக்கல." அவர் வாயைத் திறந்தார், உதடு நடுங்கியது, மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. அந்தக் கெஞ்சலைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற எலிசாவுக்கு, போனில் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தமிழ் தெரியாதவள், நினைவிருந்த ஒலிகளை உருட்டிப் பார்த்தாள். "நீலா... காத... கதவோ..." கதவா, காதா, கடவுளா? வேண்டாம், விடு என்று நீலாவதி தடுத்துவிட்டாள்.

மகள் ரஞ்சனா கால்கரியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா பேசினாராமே. என்னம்மா சொன்னார்?"

நீலாவதி போனை மறு காதுக்கு மாற்றினாள். "உன்னத்தான் கேட்டார்டி. எப்ப வருவாள்னு."

அவர் மறுபடி பேசவில்லை. பதினோராம் நாள் இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்து போய்விட்டார். இறுதிச் சடங்குக் கூடத்தில் ரஞ்சனா எழுந்து, எல்லாருக்கும் புரியும்படி பிரெஞ்சில், அப்பா கடைசியாகத் தன்னைத்தான் தேடினார் என்று சொல்லி அழுதாள். பின் வரிசையில் இருந்த எலிசா நீலாவதியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். திரும்பும்போது ஹர்ஷ் தனியாக வந்து எதிரே உட்கார்ந்தான். "எங்க ஆன்ட்டி, ரொம்ப நாளாக் காணோம்?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். வாய் சொல்லிவிட்டது. கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது.

"சாரி ஆன்ட்டி. நீங்க அவசரம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே ஆஃப் பண்ணியிருப்பேனே."

பண்ணியிருப்பான். நல்ல பையன்தான், அதில் சந்தேகமில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஒரு நிமிட அமைதி வேண்டுமென்றால் வீட்டு இழவைச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா? கொஞ்சம் குறையுங்கள் என்றால் போதாதா? அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சாரி என்பான், அழுதாலும் அழுவான். அழுகிறவனை வைத்துக்கொண்டு கோபப்படவும் முடியாது.

மறுநாளிலிருந்து ஹர்ஷும் நண்பர்களும் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்கள். அந்த இருக்கைகளில் ஒரு தாயும் சின்ன மகளும் வந்தார்கள். குழந்தைக்குக் கையில் ஒரு திரை. ஒரே கார்ட்டூன் பாட்டு, முடிய முடிய மறுபடியும். தாய் வேறு பக்கம் பார்த்தபடி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். நீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லஷீன் நிலையம் வந்தது, போனது. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, நீளமாக, நிறுத்தி நிறுத்தி வந்த அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏதாவது ஒரு வாக்கியம் பொருந்துமா என்று தேடிக்கொண்டே போனாள். எதுவும் பொருந்தவில்லை.