எவன் என்று ஒரு பேர்

என் பேரனின் பேர் எவன்.

இது கேள்வி இல்லை. பேரே அதுதான். வேல்ஸ் என்கிற நாட்டில் ஆம்பிளைப் பிள்ளைகளுக்குக் காலங்காலமாக வைக்கிற பேராம். மருமகன் அந்த நாட்டுக்காரர். இத்தாலியில், நாங்கள் இருக்கிற பலெர்மோவில் இங்கிலீஷ் படிப்பிக்கிறார். “இங்கிலாந்தோ?” என்று கேட்டால் அவருக்கு முகம் சுருங்கும். “இல்லை, வேல்ஸ்” என்பார். வேல் என்று வருகுதே என்று என் மனிசி முதலில் சந்தோசப்பட்டா. வேலும் இல்லை, மயிலும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

பேரில் பிழை இல்லை. மருமகனின் அப்பப்பாவுக்கு அந்தப் பேர். பஸ் ஓட்டினவராம், நல்ல மனிசனாம். அங்கே தெருவில் கல்லெறிந்தால் ஒரு எவனின் தலையில் விழும் என்று மருமகன் சொன்னார். இங்கத்தைய ஜொவான்னியும் அதுவும் ஒரே பேர்தானாம். வியா மக்வேதா தெருவில் நான் சம்பளத்துக்குப் பராமரிக்கிற கிழவருக்கு, குளிக்க வார்க்கும்போது சொன்னேன். “பெல்லோ, பெல்லோ” என்றார். அழகான பேர் என்கிறார். அவருக்கு அது அழகுதான்.

குறை எங்கடை பாஷையில். ஆரென்று தெரியாத ஒருத்தனை மதியாமல் கேட்கிற சொல் அது. சண்டைக்குப் போகிறவன் சொல்வது.

வீட்டிலேயே கரைச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் பிள்ளையைக் கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள்.

“அம்மா, எவன் அழுறான்,” என்பாள் குசினிக்குள் இருந்து.

“வேறை ஆர் அழுறது? இஞ்சை ஒரு பிள்ளைதானே கிடக்கு,” என்பா மனிசி.

மகள் சிரிக்கமாட்டாள். மனிசி கெட்டிக்காரி. குஞ்சு, செல்லம், ராசா என்று கூப்பிட்டுத் தப்பிவிடுவா. எனக்கு அப்படிச் சொல்ல வராது. நான் கையைத் தட்டிக் கூப்பிடுவேன். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. பிள்ளை அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

அல்பெர்கேரியாப் பக்கம் எங்கடை ஆள் ஒரு கடைக்காரர் இருக்கிறார். மனிசியின் ஒன்றுவிட்ட தமையன். எனக்கு மச்சான் முறை. பிள்ளை பிறந்த கிழமை முருங்கைக்காய் வாங்கப் போனேன்.

“என்ன மச்சான், பேரனாம். பேர் வைச்சாச்சோ?”

“ஓம். எவன்.”

“உன்ரை பேரன்தான் மச்சான். அவன்ரை பேரைக் கேக்கிறன்.”

“அதைத்தான் சொல்லுறன். எவன் எண்டுதான் பேர்.”

அவர் முருங்கைக்காயைத் தராசில் போட்டுவிட்டுத் தன் மனிசியைக் கூப்பிட்டார். “இஞ்சேரும், இஞ்சை வந்து கேளும். எவனுக்குப் பிறந்தது எண்டு இனி ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை. பேரிலையே கிடக்கு!”

கடையில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். என் மகளும் மருமகனும் முதலில் சேர்ந்து இருந்துவிட்டுப் பிறகுதான் கொமூனே கந்தோரில் போய்க் கலியாணம் எழுதினவர்கள். அது எல்லாருக்கும் தெரியும். நானும் சிரித்தேன். சிரித்ததுதான் எனக்கு வெட்கம். என் பிள்ளையைச் சொல்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆர் கேட்டாலும் ஜொவான்னி என்று சொன்னேன். ஒரே பேர்தானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிகிற நட்சத்திரம் வந்தது. கோயிலில் அர்ச்சனை செய்வம் என்று மனிசி சொன்னா. முதல்நாள் மகள் போனில் எடுத்தாள்.

“அப்பா, ஒரு வருசமாச்சு. ஒரு நாளும் நீங்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நாளைக்கு ஐயரிட்டை நீங்கள்தான் பேர் சொல்லுறீங்கள். ஏலாது எண்டால் சொல்லுங்கோ. இனி ஞாயிற்றுக்கிழமை நான் அவனைக் கொண்டுவரேல்லை.”

“சொல்லுறன்,” என்றேன்.

அடுத்தநாள் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசை. மருமகன் வேட்டி கட்டி, அதற்கு மேலே பெல்ட்டும் கட்டி, கை கூப்பிக்கொண்டு நின்றார். மகளின் தோளில் பிள்ளை. எங்களுக்குப் பின்னால் கடைக்கார மச்சானும் அவரின் மனிசியும்.

“ஆருக்கு?” என்றார் ஐயர்.

“பேரனுக்கு. உத்தரட்டாதி.”

“பேர்?”

வாயைத் திறந்தேன். பின்னால் மச்சான் தொண்டையைச் செருமினார். பகிடிக்கோ சளிக்கோ எனக்குத் தெரியாது. முருகனின் பேர் ஒன்று வாயில் வந்தது. அதைச் சொல்லிவிட்டேன். ஐயர் அந்தப் பேரிலேயே மந்திரம் சொல்லிப் பூப் போட்டார்.

மருமகன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவர், முடிந்த பிறகு மகளிடம் இத்தாலியனில் மெதுவாகக் கேட்டார். பிள்ளையின் பேர் எந்த இடத்தில் வந்தது, தான் விட்டுவிட்டேனோ என்று. அது எனக்குக் கேட்டது.

மகள் அவரை விட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

“அப்பா, இந்தப் பூசை இப்ப ஆருக்குப் போச்சுது?”

நான் தேங்காயைப் பார்த்தேன்.

“ஆரோ ஒரு பிள்ளைக்கு,” என்று அவளே சொன்னாள். விபூதி எடுக்கவில்லை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மருமகன் எனக்கு ஒருக்கால் தலையை ஆட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் போனார்.

வெளியே வந்து செருப்பைப் போட்டேன். மனிசி என் பக்கம் பாராமல் தன் செருப்பைத் தேடினா. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். செருப்பைத் திரும்பக் கழற்றினேன்.

வரிசை இன்னும் நின்றது. ஐயர் என்னைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார்.

“இப்பதானே செய்தது?”

“அது வேறை பேர் ஐயா. பேரன்ரை பேர் அது இல்லை.”

“அப்ப பேர் என்ன?”

“எவன்.”

“எவனெண்டோ?”

“ஓம் ஐயா. எவன்.”

சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மச்சானின் சிரிப்பை எனக்குத் தெரியும். அதுவும் இருந்தது. முகம் சுட்டது. இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. ஐயர் ஒருக்கால் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மந்திரத்துக்குள் அந்தப் பேரைப் போட்டுச் சொன்னார். எவன் நாமதேயஸ்ய. மற்றப் பேர்களைப் போலத்தான் அதுவும் போனது.

விபூதியைப் பேப்பரில் மடித்துக்கொண்டு, மகள் இருக்கிற போர்கோ வெக்கியோவுக்கு நடந்தேன். மனிசியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மகள்தான் கதவைத் திறந்தாள்.

“திரும்பச் செய்விச்சனான்,” என்றேன்.

“எந்தப் பேரிலை?”

“அவன்ரை பேரிலை.”

“எனக்குக் கேக்கேல்லையே.”

பிள்ளை மேசைக்குக் கீழே இருந்தான். தகப்பனின் கால் சப்பாத்து ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். நான் விபூதியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அப்பா, அது என்ன சொல் எண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சீங்கள்? எங்கடை வீட்டிலை ஒருத்தரும் எவன் எண்டு கதைக்கிறேல்லை. ஆர் எண்டுதான் கேப்பம். நான் இவரைப் பற்றிச் சொன்ன அண்டைக்கு நீங்கள் கத்தினீங்கள், எவனடி அவன் எண்டு. அண்டைக்குத்தான் அந்தச் சொல்லை நான் முதல்முதல் கேட்டனான்.”

அப்படிக் கத்தினது உண்மைதான். நான் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. மறக்காமல்தான் அந்தப் பேருக்கு ஓம் என்றிருக்கிறாள்.

“இப்ப கூப்பிடுங்கோ,” என்றாள்.

குனிந்து, மேசைக்குக் கீழே பார்த்துக் கூப்பிட்டேன். சத்தம் கடுமையாக வந்துவிட்டது. அந்தச் சொல்லை வேறு மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. பிள்ளை சப்பாத்தை விட்டான். தாயைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

“மெல்லமா அப்பா,” என்றாள் மகள். “பேரைக் கூப்பிடுற மாதிரி.”

நான் நிலத்தில் இருந்தேன். வாய்க்குள் ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். பிறகு திரும்பக் கூப்பிட்டேன்.