பிரார்த்தனையில் கருகிய சாக்லேட்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கைக் காலையில் கூட்டித் துடைப்பது என் பிழைப்பு. மதியத்துக்கு மேல் வீட்டில் க்ரீம் பிஸ்கட்டைச் சாக்லேட்டில் முக்கியெடுத்து, அதன் தலையில் படம் போடுவது என் பைத்தியம். “காலைல என் தரையத் துடைக்கிறீங்க, சாயங்காலம் எனக்கு ஆள் சேர்த்து விடுறீங்க” என்பார் டாக்டரம்மா. சொல்லிக்கொண்டே இரண்டு எடுத்துக்கொள்வார்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. படம் வரைவதில் நான் அதற்கும் கீழே. ரோஜா என்று நினைத்துக்கொண்டு வெள்ளைச் சாக்லேட்டைப் பிழிவேன். முட்டைக்கோஸ் வந்து நிற்கும். டாக்டரம்மாவின் பெண் பிறந்தநாளுக்குப் பட்டாம்பூச்சி போட்டுக் கொடுத்தேன். “ஆன்ட்டி, ஈ ரொம்ப நல்லா இருக்கு” என்றது குழந்தை. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் கிண்ணத்தை வைத்து, சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டு உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சூடு ஏறவும் கூடாது. பிறகு பிஸ்கட்டை முள்கரண்டியில் ஏந்தி முக்கி, விளிம்பில் தட்டி, எண்ணெய்த்தாளில் வைத்தால் ஆறிவிடும். எல்லாரும் இதற்குக் கடிகாரம் பார்ப்பார்கள். என் சமையலறையில் கடிகாரம் கிடையாது. எனக்கு நேரக்கணக்கு பிரார்த்தனைதான். கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை, கண்ணைத் திறந்து ஒரு கிளறல். இப்படி மூன்று முறை செய்தால் சாக்லேட் தேன் மாதிரி வழியும். ஒரே அடுப்பில் புண்ணியமும் பலகாரமும் சேர்ந்து வேகிறது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமைக்குத்தான் ஒரு வியாழக்கிழமை சரியான பூசை கிடைத்தது.

என் வீட்டுக்காரர் ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். முப்பத்தொரு வருடம் அந்தப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது. மேசை வைத்திருப்பவர்கள் ஓய்வு பெற்றால் அந்தந்த மாடிக்காரர்கள் சேர்ந்து மாலை போட்டு, போட்டோ எடுத்து, நாலு வார்த்தை பேசி அனுப்புவார்கள். இவர் எந்த மாடிக்காரர்? இவரை யார் அனுப்புவது? ஒவ்வொரு மாடியும் அடுத்த மாடி செய்யும் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“ஏம்மா, உன் பிஸ்கட்டு நூத்திப் பன்னெண்டு பண்ண முடியுமா?”

“எதுக்குங்க?”

“அங்க மொத்தம் நூத்திப் பன்னெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணு என் கையால குடுத்துட்டு வந்துடலாம்னு. அவங்க அனுப்பாட்டி என்ன, நானே சொல்லிட்டு வர்றேன்.”

“படம் எதாவது போடணுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“லிஃப்ட் போடேன்.”

லிஃப்ட் என்றால் ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. என் வாழ்நாளில் என் திறமைக்கு ஏற்ற படத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை மதியம் கிளினிக்கிலிருந்து வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். நான்கு சாக்லேட் கட்டி வாங்கி வைத்திருந்தேன். வழக்கமாகப் பாதிக் கட்டியாக உருக்குகிறவள், அன்றைக்கு இரண்டு கட்டியை ஒரேயடியாகக் கிண்ணத்தில் போட்டேன். முதல் பிரார்த்தனை, ஒரு கிளறல். இரண்டாவது, ஒரு கிளறல். மூன்றாவதில் வீட்டுக்காரரின் முழங்கால் வலிக்காக வேண்டத் தொடங்கினேன். பிறகு தோன்றியது, அந்த அலுவலகத்துக்காரர்களுக்காகவும் வேண்டினால் என்ன? முப்பத்தொரு வருடமாக இரவுச் சாப்பாட்டோடு அவர்கள் கதையைக் கேட்டு வந்தவள் நான். ஒருவரையும் பார்த்ததில்லை, எல்லாரையும் தெரியும்.

முதல் மாடியில் ஆரம்பித்தேன். தபால் பிரிப்பவரின் மகனுக்கு நல்ல வேலை. இரண்டாம் மாடித் தட்டச்சு அம்மாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும். நான்காம் மாடி அதிகாரிக்குக் கோபம் குறைய வேண்டும். அவருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தி வேண்டினேன். மனம் அப்படியே இளகிப் போயிற்று. ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கருகல் வாசம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அந்த அலுவலகம்தான் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால், கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றி எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. கிண்ணத்தில் இருந்தது சாக்லேட் இல்லை. தார் ரோடு போடுகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனதுபோல் கட்டிகட்டியாக ஒன்று இருந்தது. கரண்டியை நட்டால் நின்றது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டிலிருந்து என் நாத்தனார் இறங்கி வந்தாள். இவருடைய ஒரே தங்கை. என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

“என்ன அண்ணி, சாமி நேர்ல வந்துட்டாரா? ஒரே புகையா இருக்கு.”

“பேசாத. ரெண்டு கட்டி போச்சு.”

“கடைக்கு ஓடிப் போய் வாங்குங்க.”

“வியாழக்கிழமை அந்தக் கடை லீவு. முக்குக் கடையில இந்தக் கட்டி கிடைக்காது.”

அவள் கேலியை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அண்ணன் நூத்திப் பன்னெண்டுன்னுல்ல சொல்லிச்சு” என்றாள் மெதுவாக. அவளுக்கும் தெரியும். மீதிச் சாக்லேட்டில் ஐம்பது அறுபது பிஸ்கட் முக்கலாம். ஆனால் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேரை விட்டுவிட்டு வர அவரால் முடியாது. ஒரு ஆளுக்குக் குறைந்தாலும் பிஸ்கட் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் சுபாவம் அப்படி.

அவள் பிஸ்கட் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணி, முழுசா முக்கணும்னு எதாவது சட்டமா? பாதி முக்குங்களேன்.”

இத்தனை வருடமாகப் பிஸ்கட் முக்குகிற என் மண்டைக்கு அது தோன்றவில்லை. மீதிக் கட்டிகளை அவள் உருக்கினாள். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. “நீங்க உருப்படியா கண்ணத் திறந்துக்கிட்டு முக்குங்க” என்று அதட்டல் வேறு. ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெறும் பிஸ்கட் என்று வரிசை வரிசையாக ஆறியது. கடைசிப் பதினைந்துக்குச் சாக்லேட் கால்வாசிதான் எட்டியது. எல்லாவற்றின் மேலும் வெள்ளைச் சாக்லேட்டில் கட்டம் போட்டேன். நடுக்கோடு போட வேண்டிய இடத்தில் கறுப்புச் சாக்லேட்டின் விளிம்பே கோடாக நின்றதால் அந்த வேலையும் மிச்சம். ஒரு கதவு மூடி, ஒரு கதவு திறந்த லிஃப்ட் மாதிரி இருந்தது. நான் வேண்டுமென்றே செய்ததுபோல் தோரணையாக நின்றுகொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்து ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெடுநேரம் பார்த்தார்.

“கதவு பாதில நிக்குதே. இது ரிப்பேரான லிஃப்ட்டு.”

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் நடந்ததை எல்லாம் சொல்லி ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டுவிட்டு, “அப்ப ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நீ வேண்டவே இல்லியா?” என்றார். அதுதான் அவருக்குக் கவலை. “இன்னைக்கு வேண்டிடறேங்க” என்றேன். “அடுப்ப அணைச்சுட்டு” என்றாள் நாத்தனார். அவர் இரண்டு முறை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் கிளினிக்கில் ஒரே இடத்தையே நாலு தடவை துடைத்தேன். மூன்றாம் தடவை டாக்டரம்மா காலைத் தூக்கிக்கொண்டார். நாலாம் தடவை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட அரை மணி தாமதமாக வந்தார். பெட்டி காலி. காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். காலையில் லிஃப்ட்டில் ஏறினவர்களுக்கெல்லாம் அவரவர் மாடியில் இறங்கும்போது கையில் கொடுத்தாராம். “என்ன விசேஷம்?” என்று கேட்டவர்களிடம், “இன்னைக்கோட நான் இறங்கிக்கிறேன்” என்றாராம். நான்காம் மாடி அதிகாரி தன் மாடியில் இறங்காமல், மேலே ஏழு வரைக்கும் அவரோடு போய், திரும்ப நான்குக்கு வந்து இறங்கினாராம்.

பதினோரு மணிக்கு ஒன்றே ஒன்று மிச்சம். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா. எப்போதும் படியில்தான் போவார், வருவார். லிஃப்ட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

“அப்புறம்?”

“லிஃப்ட்ட நிறுத்திட்டு ஏறிப் போனேன்.”

“மூணு மாடியா? இந்தக் காலோடயா?”

“ஆமா. அந்தம்மா போற வழியிலயே போய்க் குடுக்கணும்னு தோணுச்சு. அந்தப் படி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நல்ல அகலமான படி. போய் நின்னா அந்தம்மா, நீங்க யாருன்னு கேக்குது.”

“என்ன சொன்னீங்க?”

“கீழ லிஃப்ட்டுல இருக்கறவன்னேன். எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு. மூடின இடம்னா மூச்சு முட்டுமாம், அதான் ஏறுறதில்லையாம். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சு. என் கூடவே கீழ வரைக்கும் நடந்து வந்து விட்டுட்டுப் போச்சு.”

அவரை யார் அனுப்பி வைப்பார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு எண்ணெய் எடுத்து வந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது.

“அவ்வளவு நேரம் லிஃப்ட்டு நின்னிருக்குமே. கீழ கூட்டம் சேந்திருக்கும். திட்டினாங்களா?”

“பத்துப் பேரு நின்னாங்க. டீ நேரம்ல.” முழங்காலை என் பக்கம் திருப்பினார். “யாரும் திட்டல. வாய் நிறைய உன் பிஸ்கட்டு.”