வெளிக்காற்றை உள்ளே அழைத்தவன்

ஒரே முட்டாள்தனத்தை வாழ்க்கையில் இரண்டு முறை செய்தவன் நான். இரண்டாவது முறை, போன கிழமை. ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் எட்டாம் மாடி வீடு வெயிலில் வெந்துகொண்டிருக்க, காற்று வரட்டும் என்று நடுப்பகலில் யன்னல்களை அகலத் திறந்தேன்.

"அப்பா, வெளியிலைதான் சூடு கூட. பூட்டுங்கோ!" என்று மகள் கத்தினாள். அதற்குள் யன்னல் விளிம்பில் நின்ற மெழுகுதிரி, பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல வளைந்துவிட்டது.

அந்த மெழுகு வாசம் இருக்கிறதே, அது என்னை நேரே கட்டாருக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒரு தச்சுப் பட்டறையின் சாமான் அறைக்கு நானும் மன்னார்க்காரரான பிலிப் அண்ணையும் பொறுப்பு. தகரக் கூரை, இரண்டு யன்னல், சுவர் உச்சியில் சூட்டை வெளியே தள்ளும் ஒரு காற்றாடி. அண்ணை விடியத் திறக்கும் யன்னல்களை வெயில் ஏறுமுன் பூட்டிவிடுவார். நிழல் பக்கத்துக் கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருக்கும். கடற்கரையில் வளர்ந்த எனக்கு யன்னலைப் பூட்டுவது பாவமாகப் பட்டது. காற்று என்றால் குளிர்ச்சிதானே? நான் பௌதிகம் படித்தவன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அறை மூலையில் அண்ணையின் பெட்டி. லீவில் ஊருக்குக் கொண்டுபோக மாதாமாதம் ஏதாவது அதில் சேரும்: சவர்க்காரம், பவுடர், துவாய். அந்த வருடம் எல்லாவற்றுக்கும் மேலே, தங்கக் கோடு போட்ட முழங்கை நீள மெழுகுதிரி. தேவாலயமே இல்லாத கட்டாருக்கு ஒரு பம்பாய்ச் சிநேகிதர் கொண்டுவந்தது. அண்ணையின் மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு. அவர் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது.

"இதைப் பிடிச்சுக்கொண்டு அவள் நடக்கேக்கை நான் பக்கத்திலை நிப்பன்" என்பார்.

லீவுக்கு இரண்டு நாள் இருக்க, அவர் துறைமுகத்துக்குப் போன நேரம் பார்த்து ஏணியில் ஏறினேன். காற்றாடியைக் கழற்றி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி திருப்பிப் பூட்டினேன். யன்னல் இரண்டையும் திறந்தேன். பாலைவனம் அழைப்புக்குக் காத்திருந்ததுபோல உள்ளே வந்தது. மத்தியானம் பசை டின்கள் உப்பின. பயந்துபோய்த் தரையில் தண்ணீர் ஊற்றினேன்; அறை புட்டுப்பானையாயிற்று.

அண்ணை வந்ததும் நேரே பெட்டியைத் திறந்தார். மெழுகுதிரி சவர்க்காரக் கட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது.

"என்ன தம்பி செய்தனீ?"

"காத்துக்கு, அண்ணை..."

மேசையில் வைத்து இருவரும் உருட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் நிமிர, மறுபக்கம் வளைந்தது. கடைசியில் அதை அப்படியே துவாயில் சுற்றி வைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். யன்னல்களைப் பூட்டினார், அவ்வளவுதான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது குளிரூட்டிய கடைத்தொகுதியாம். ஒஸ்லோவிலிருந்து மன்னாருக்குப் போட்ட என் கடிதங்கள் இரண்டும் திரும்பி வந்தன. பிலிப் அண்ணை எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. லீவு முடிந்து வந்த அன்று அவர் சொன்னதுதான் மிச்சம்.

"பிள்ளை அதைப் பிடிச்சவளோ, அண்ணை?"

"ஓம், பிடிச்சவள். பூசை வைச்ச சாமியார்தான் கேட்டவர், இது ஆர் பாத்த வேலை எண்டு. எங்கடை ஸ்டோரிலை படிச்ச தம்பி ஒருத்தர் இருக்கிறார் எண்டன். 'அப்ப சரி' எண்டிட்டார்."